கீறிப் பார்த்த மிளகாய்ச் செடி

அக்கா வீட்டுப் பின்சந்தில், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற சாக்கடை ஓரம், சிமெண்டு பிளந்த இடத்தில் ஒரு மிளகாய்ச் செடி நிற்கிறது. யாரும் நட்டதில்லை. அம்மா இருந்த காலத்தில் அடுப்படிக் குப்பையோடு ஏதோ விதையும் போய் விழுந்திருக்க வேண்டும். எரு கிடையாது, வேலி கிடையாது. மழைக்காலத்தில் சாக்கடை பொங்கி அடித்தண்டு முங்கினாலும், தண்ணீர் வடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி பூ வைக்கிறது. அக்கா குழம்பு கொதிக்கும்போது பின்கதவைத் திறந்து கையை நீட்டிப் பறித்துக்கொள்கிறாள். எனக்கு அந்தச் செடியைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. முப்பத்து மூன்று வயது ஆம்பளை சாக்கடை ஓரத்துச் செடியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னால் ரங்கூனில் எங்கள் பேட்டையான தாமுவேயில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அதன் பிள்ளை ஒன்றை நான் வளர்த்தேன். ஜப்பானின் வடக்கே, கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கிற இடத்தில்.

கல்யாணமான வருஷமே நானும் என் மனைவியும் அங்கே வேலைக்குப் போனோம். எனக்கு மீன் வெட்டி டப்பாவில் அடைக்கும் ஆலை, அவளுக்கு முதியோர் இல்லம். ஊர் நல்ல ஊர்தான், ஜனங்களும் நல்ல ஜனங்கள். சாப்பாடுதான் சப்பென்று இருக்கும். கடையில் மிளகாய் என்ற பேரில் பச்சையாக ஒன்று விற்பார்கள். அதைக் கடிப்பதற்கு வெண்டைக்காயைக் கடிக்கலாம். நாக்கு செத்துப்போய்விட்டது என்று அம்மாவிடம் புலம்பினேன். ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டாள். கொஞ்சம் நாப்பி, அதாவது நம் மீன் விழுது, கூடவே பின்சந்துச் செடியில் பழுத்ததை மொட்டைமாடியில் காயவைத்த மிளகாய்.

சின்னதாக, கூராக இருக்கும் அந்த மிளகாய்க்குப் பர்மிய மொழியில் வைத்த பேரை அப்படியே தமிழில் சொன்னால் ‘கலா கத்தும் மிளகாய்’. கலா என்றால் இந்தியாக்காரன், நாம். தெருவில் என்னைச் சின்ன வயதில் கூப்பிட்ட அதே சொல். கலாவையே கத்தவைக்கிற காரம் என்று அர்த்தம். அவமானமா பெருமையா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

பொட்டலத்தின் அடியில் உதிர்ந்து கிடந்த விதைகளை முதல் வருஷம் ஏப்ரலில் ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் தூவினேன். ரங்கூனில் ஏப்ரல் என்றால் சட்டியில் வறுபடுகிற வெயில். அங்கே ஏப்ரலில் மண்ணைத் தொட்டால் விரல் மரத்துவிடும். ஒன்றும் முளைக்கவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“எச்சிக்கைய உதறினாலே முளைக்கிற சனியன்டா அது! அதுக்குப் போயி தொட்டில் கட்டித் தாலாட்டுறியா?” என்றாள்.

அடுத்த வருஷம் தாலாட்டத்தான் செய்தேன். ஈரத் துணியில் விதைகளைப் பொதிந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இன்டர்நெட் பெட்டியின் மேல் வைத்தேன். எங்கள் அறையில் இரவும் பகலும் கதகதப்பாக இருக்கும் பொருள் அது ஒன்றுதான். “நீங்க வைக்கல கோகோ, அந்தப் பெட்டிதான் அடைகாக்குது” என்றாள் என் மனைவி. கோகோ என்பது பர்மியப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற விதம். ரங்கூனின் வடக்கு ஓரத்து இன்சீனில் பர்மியப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், அவளுக்கு ‘என்னங்க’ வராது. அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, எனக்கு அதைக் கேட்டாலே மனசு நிறைந்துவிடும்.

முளை வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மேஜை விளக்கடியில் தொட்டியை வைத்தோம். நாற்று விளக்கைத் தேடி நீண்டு ஒடிசலாக வளர்ந்தது. ஜூனில் பூத்தது, ராத்திரிக் குளிரில் பூவெல்லாம் கொட்டியது. தொட்டியை ராத்திரி உள்ளேயும் பகலில் வெளியேயும் மாற்றி மாற்றித் தூக்கினோம். அந்த ஒற்றைச் செடியைத் தேடித் தேனீ எங்கே வரும்? காது குடைகிற பஞ்சுக்குச்சியால் பூவுக்குப் பூ தொட்டுவிட்டோம். ஆலையில் மீன் நாற்றத்தோடு திரும்பி வந்து, கையை எலுமிச்சை போட்டுக் கழுவி, பூவுக்கு மகரந்தம் தடவுகிறவன் நான். இப்படியெல்லாம் கொஞ்சி வளர்த்த அந்தச் செடியில் முதல் காய் பழுத்தபோது, ஒன்றைக் குறுக்கே வெட்டி ஆளுக்குப் பாதியாகச் சோற்றோடு கடித்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தினோம். அவள் கண்ணில் தண்ணீர் வழிய, “பேரைக் காப்பாத்திட்டோம்” என்று சிரித்தாள். நான் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

மிளகாய் ஒரு வருஷத்துச் செடி இல்லை. குளிரைத் தாண்டவைத்துவிட்டால் மறுவருஷம் சீக்கிரமே காய்க்கும். அதற்கு இலை, கிளை எல்லாவற்றையும் கழித்து, கவட்டைக் குச்சி மாதிரி அடித்தண்டை மட்டும் விட்டு, சின்னத் தொட்டிக்கு மாற்றி, வெளிச்சம் உள்ள, ஆனால் உறையாத இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் பேருக்குத்தான். நான் கத்தரியை எடுத்தபோது அவள் தடுத்தாள். “பூ இருக்கிறப்பவே வெட்டுறீங்களே, பாவம் இல்லையா?” வெட்டிய பிறகு பார்க்கச் செத்த குச்சிதான். அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து அவள் கையைப் பிடித்து, அவள் கட்டைவிரல் நகத்தாலேயே தண்டின் தோலைக் கடுகளவு கீறிக் காட்டினேன். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தது.

“பச்சை இருந்தா உசிரு இருக்குன்னு அர்த்தம். சந்தேகம் வந்தா இப்படிப் பார்த்துக்க.”

இதை நான் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாது.

அந்த வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது, அம்மா போய்விட்டாள் என்று. டிக்கெட் கிடைத்து, விமானம் மாறி, நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளியை அத்தான் வைத்தார். பெற்ற மகன் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து உட்கார்ந்தேன். கிளம்பும்போது மனைவியிடம் காரியம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். செடியைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். ராத்திரி ஜன்னலை விட்டுத் தள்ளி வை, தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடாதே என்றெல்லாம். உன்னைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை.

நான் இங்கே இருக்கும்போதே அரசாங்க விதி மாறியது. என் வயது ஆண்களை வெளிநாட்டு வேலைக்கு விடுவதில்லை என்றார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை விடுவார்கள் என்று ஒரு ஏஜெண்டு சொன்னார். விடமாட்டார்கள் என்று இன்னொருவர். பொறுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பொறுத்துக்கொண்டே இருந்ததில் ஆலையில் என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவள் இங்கே வரட்டுமா என்று கேட்டாள். வராதே என்றேன் நான். வந்தால் திரும்பிப் போக விடுவார்களோ மாட்டார்களோ, அவள் சம்பளத்தில் இன்சீனில் அவளைப் பெற்ற இரண்டு கிழங்கள் சாப்பிடுகின்றன. மனசு வாடி வாடி என்று கூப்பிட, வாய் வராதே என்று சொன்னது.

இப்போது ரங்கூன் துறைமுகத்தை ஒட்டிய அலோனில் ஒரு பருப்புக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கிறேன். பொழுது சாய்வதற்குள் பஸ் பிடித்து வீடு வந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு தெருவில் நடக்கிற என் வயதுக்காரனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அக்கா வாசலிலேயே நிற்பாள்.

மனைவியோடு பேசுவதும் மின்சாரம் வைத்த சட்டம்தான். கரண்டு வந்ததும் தெரு முழுக்கப் பிள்ளைகள் “மீ லா பீ!” என்று கத்துவார்கள், விளக்கு வந்துவிட்டது என்று. நான் போனை எடுத்துக்கொண்டு ஓடுவேன். திரையில் அவள் முகம் வரும், பின்னால் ஜன்னல், ஜன்னலில் பனி.

“செடி எப்படி இருக்கு?”

“இருக்கு கோகோ.”

“கீறிக் காட்டு.”

அவள் நகத்தால் கீறுவாள். போனைக் கிட்டே கொண்டுபோவாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு தெளிந்து, நூல் அளவு பச்சை தெரியும். எனக்கு அப்பாடா என்று இருக்கும். அன்றைக்கு ஏஜெண்டு என்ன சொல்லியிருந்தாலும் சரி, அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டால் சோறு இறங்கும். நாள் ஆக ஆக முதல் கேள்வியே அதுவாகிவிட்டது. ஏஜெண்டிடம் போய்ச் சும்மா திரும்பிய நாளில் இரண்டு இடத்தில் கீறச் சொல்வேன். மேலே பழுப்பாகத் தெரிந்தால் கீழே கீறச் சொல்வேன். அவளும் கீறினாள். நான் பேசாத நாட்களில், வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் தனக்காகவும் கீறிப் பார்த்திருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செடிக்கு அடுத்தபடி இன்னொன்றும் கேட்பேன். முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். “மனசு மாறலையே?” என்பேன். “மாறிடுச்சு, முதியோர் இல்லத்துல தொண்ணூறு வயசு மாப்பிள்ளை கிடைச்சிருக்காரு” என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். குளிர்காலம் நீண்டபோது அந்தக் கேள்வியில் இருந்த வேடிக்கை போய், கேள்வி மட்டும் மிஞ்சியது. அவள் பதிலிலும் தொண்ணூறு வயது மாப்பிள்ளை வருவது நின்றுவிட்டது. “இல்ல கோகோ” என்பாள். நான் இன்னொரு தரம் கேட்பேன். குரலில் ஏதோ குறைகிறதே என்பேன். வேலை செய்து களைத்து வந்தவளுக்குக் குரலில் என்ன இருக்கும்? அது எனக்கும் தெரியும். தெரிந்தே கேட்பேன்.

அங்கே பனி உருகிய பிறகு துளிர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர் கொஞ்சம் கூட்டச் சொன்னேன், வெயிலில் வைக்கச் சொன்னேன். இரண்டு நாள் கரண்டு ஒழுங்காக வரவில்லை. மூன்றாம் நாள் விளக்கு வந்து, பிள்ளைகள் கத்தி, நான் போனை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். அங்கேதான் சிக்னல் நன்றாக வரும்.

“கீறிக் காட்டு” என்றேன்.

அவள் கீறவில்லை. தொட்டியைக் கையில் எடுத்து, போனுக்கு முன்னால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அடியிலிருந்து நுனிவரை, நாலா பக்கமும், தோலே இல்லை. பென்சில் பருமன் தண்டு முழுக்க நகம் பட்ட காயம், காய்ந்து சாம்பல் நிறத்தில்.

“கீற இனிமே இடம் இல்ல கோகோ.”

சத்து மேலே ஏறுவதும் இறங்குவதும் தோலை ஒட்டித்தான். சுற்றி உரித்துவிட்டால் எந்த மரமும் செத்துப்போகும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துபோயிருந்தேன். இல்லை, எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

“குளிர்ல சாகல இது” என்றாள். “அந்தக் குளிரைத் தாங்கிக்கிட்டுத்தான் இருந்தது. உசிரு இருக்கா இருக்கான்னு நாமதான் பாத்துப் பாத்து...” அழுகையை அடக்கிக்கொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க கோகோ. என்னைய இனிமே கேக்காதீங்க. மனசு மாறலையேன்னு. ஒவ்வொரு தடவையும் நீங்க கேக்கிறப்ப நான் உள்ள தேடிப் பார்த்துத்தான் பதில் சொல்றேன். தேடித் தேடி எனக்கு வலிக்குது.”

சரி என்றேன். அதற்குள் கரண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டில் யாரோ பர்மியத்தில் திட்டினார்கள்.

சாக்கடை ஓரத்துச் செடி என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. காயும் பழமுமாக, கொழுத்துப்போய். அதை ஒருநாளும் ஒருத்தரும் கீறிப் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து அக்கா, “தம்பி, அங்கதான நிக்கிற, நாலு மிளகா பறிச்சுட்டு வா” என்று குரல் கொடுத்தாள். பறித்துக்கொண்டு போனேன். வேறு என்ன செய்ய?

இப்போதும் பேசுகிறோம். அங்கே மழையா என்று கேட்கிறேன், இங்கே மழை என்கிறேன். என்ன சமைத்தாள், அந்த இல்லத்தில் எந்தக் கிழவி பாட்டுப் பாடினாள், இன்சீனில் அவள் அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று பேசுகிறோம். ஜன்னலில் தொட்டி இருந்த இடத்தில் இப்போது அவள் கையுறைகள் காய்கின்றன. முந்தின வாரம் பேச்சு நடுவில் அவள் என்னை ஒரு தடவைகூடக் கோகோ என்று கூப்பிடவில்லை. சிக்னல் சரியில்லாமல் என் காதில் விழாமல் போயிருக்கலாம். அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

சாப்பிட்டேன் என்றாள். அதற்கு மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பதில்லை.