கூட வந்த இழை

சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பிப்பெட்டைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வாய் திறப்பதில்லை. முகக்கவசம் போட்டிருந்தாலும்தான். எச்சில் ஒரு பொட்டு தெறித்தால் போதும், குப்பியிலுள்ள ஆர்.என்.ஏ. இழை துண்டு துண்டாகிவிடும் என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக மௌனவிரதமே பூணுகிறவள் அவள் ஒருத்திதான். கூப்பிட்டால் ஒரு புருவம் உயரும். வேண்டாமென்றால் இடக்கைச் சுண்டுவிரல் ஆடும். பனிக்கட்டி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டே திரிவதால் இளையவர்கள் வைத்த பெயர் ‘ஐஸ் அக்கா’.

“பேசாம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆளு எங்கம்மாதான்” என்பாள் மகள்.

“அதான் வீட்டுக்கு வந்து வட்டியும் முதலுமாத் தீத்துடறாளே” என்பார் கணவர்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. அவளுடைய வேலை. இரண்டு இழைகள் ஒட்டிக்கொண்டே உருவாகும். ஒன்று புரதத்தின் மடியில் ஏறி உட்கார்ந்து, குறிப்பிட்ட மரபணுவை அடக்கும். அது வழிகாட்டி. மற்றது சும்மா கூட வந்த பயணி. செல் அதைச் சிதைத்துப் போட்டுவிடும் என்றுதான் அவள் படித்திருந்தாள். பயணிக் குப்பியின் மூடியில் ஒரு நட்சத்திரம் வரைவாள்.

புற்றுச் செல்களின் வளர்ச்சியை வழிகாட்டி அடக்குகிறது என்று காட்டவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் செய்யாது என்று நம்பி, அதே செல்கள் வளரும் இன்னொரு தட்டில் பயணியை விட்டாள். அந்தத் தட்டிலும் வளர்ச்சி அடங்கிப்போனது.

“குப்பி மாறிப்போச்சும்மா” என்றார் பேராசிரியர். புதுக் குப்பி திறந்தாள். அதே கதை. தன் கையையே சந்தேகப்பட்டு, பக்கத்து மேசைக்காரியைச் செய்யச் சொன்னாள். அப்போதும் அடங்கியது.

“கட்டுரை இந்த வாரம் போயாகணும். அதுலேர்ந்து அந்தத் தட்டைத் தூக்கிட்டு, அர்த்தமில்லாத ஏதாவது இழையைப் போட்டு ஒப்பிட்டுக் காட்டு. உன் வேலை நீட்டிப்பும் இதை நம்பித்தாம்மா இருக்கு.”

மிரட்டலாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். குழந்தைக்காக வேலையை விட்டு வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவளை, வேறு யாரும் சீந்தாதபோது சேர்த்துக்கொண்டவர் அவர். புது ஒப்பீடு நியாயம்தான். அதை அவளே செய்வாள். பயணி செய்ததை மறைக்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை.

“ஒரு துண்டு இழைக்கா இத்தனை அடம்?” என்றாள் மகள், அன்றிரவு வீட்டில் எல்லாம் கேட்டுவிட்டு.

“அது வேலை செஞ்சிருக்குடி. செஞ்சதைச் செய்யலைன்னு எந்த வாயால சொல்றது?”

கணவர், “நீட்டிப்பு இல்லேன்னா கஞ்சியா குடிக்கப்போறோம்?” என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் பேராசிரியர் மேசைக்கே வந்துவிட்டார். அவள் கையில் பிப்பெட். எதிரே திறந்த குப்பி. சுற்றிலும் மற்றவர்கள் வேலை செய்வதுபோல் நின்றார்கள்.

“என்னம்மா, அந்தத் தட்டை எடுத்துடலாமில்ல?”

புருவம் உயரவில்லை. சுண்டுவிரலும் ஆடவில்லை.

“சரி, மௌனம் சம்மதம்னு எடுத்துக்கறேன்.” அவர் திரும்பினார்.

நட்சத்திரம் போட்ட குப்பியை அவள் மூடி, பனிக்கட்டிக்குள் கழுத்துவரை புதைத்தாள். பிப்பெட்டைக் கொக்கியில் மாட்டினாள். பிறகு, பாதி வேலையில், முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினாள்.