விளக்கெண்ணெய் ஊற்றிய லாரி

யுத்த காலத்தில் பூந்தமல்லியில் ஒரு லாரி முதலாளியிடம் மெக்கானிக்காக இருந்தேன். அவருடைய பழைய லாரி ஒன்றில் எஞ்சின் பேரிங்குகள் தேய்ந்துபோய், ஓடும்போது சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். புது பேரிங் எங்கும் கிடைக்கவில்லை. நல்ல ஆயிலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் முதலாளி இரண்டு டின் விளக்கெண்ணெயோடு வந்தார். "ஆயிலோட இத்த ஊத்து. சத்தம் அடங்கிடும். வண்டிய விக்கப்போறேன்" என்றார்.

விளக்கெண்ணெய் கெட்டியானது. தேய்ந்த இரும்புக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சில நாள் எஞ்சின் அமைதியாக ஓடும். பிறகு சூட்டில் காய்ந்து பிசினாகி, ஆயில் போகும் வழியை அடைத்துவிடும். எனக்கு அது தெரியும்.

"ரொம்ப நாள் தாங்காது நைனா."

"ஊத்துடான்னா ஊத்து."

ஊற்றினேன். யார் வாங்கப்போகிறார்கள் என்று அப்போது தெரியாது.

வந்தவன் என் தங்கையின் கணவன். கோவில்பதாகையில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, ஆவடியில் பட்டாளத்துக் கட்டடங்களுக்குச் செங்கல் ஏற்றலாம் என்று வந்திருந்தான். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டான். என் பக்கம் திரும்பினான்.

"இன்னா மச்சான், வண்டி எப்டி கீது? நீ சொன்னாத்தான் வாங்குவேன்."

முதலாளி கக்கத்தில் குடையோடு பக்கத்திலேயே நின்றார். என் வேலை போயிருந்தால் வேறு பட்டறை கிடைத்திருக்கும். இப்போது சுலபமாகச் சொல்கிறேன். அன்றைக்குச் சொன்னது, "நல்லா கீது மாப்ளே."

மூன்றாவது வாரம் சென்னீர்குப்பத்துக்கு அருகில், செங்கல் லோடோடு எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிட்டான். எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாகப் பிசின். பேரிங் உருகித் தண்டோடு ஒட்டியிருந்தது. அவன் பிசினை விரலால் வழித்து மோந்து பார்த்தான்.

"வெளக்கெண்ண வாசன வருது. உனுக்குத் தெரியுமா மச்சான்?"

"மொதலாளிதான் ஊத்தச் சொன்னாரு."

"நான் அவரயா கேட்டேன்? உன்னத்தான கேட்டேன்."

அவன் கத்தியிருக்கலாம், அடித்திருக்கலாம். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு செங்கல்லை இறக்கப் போய்விட்டான்.

லாரி பழைய இரும்பாகப் போனது. செங்கல் ஏற்றிப்போன அதே கட்டடங்களில் அவன் மண் சுமந்தான். முதலாளி அடுத்த வருஷமே வேறு லாரி வாங்கினார். அதற்கு மட்டும் எங்கிருந்தோ நல்ல ஆயில் கிடைத்தது. நான் அவரிடமே வேலையில் இருந்தேன்.

ஒருமுறை தங்கையைப் பார்க்கப் போனேன். வாசலை விட்டு அவள் நகரவில்லை.

"அவரு ஊட்டுக்கு வர்ற நேரம். நீ கெளம்புண்ணே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.