கண்ணாடிக் கடையில் வெல்டா

செபுல்வேதா சாலையில் இருந்த முதலாளி ஸ்டாவ்ரோஸின் பழைய சாப்பாட்டுக் கடையில், வெல்டா டீக் சமைத்த அறைக்கு ஜன்னலே கிடையாது. சுவரில் ஒரு திறப்பு மட்டும் இருந்தது. பரிமாறுகிற நான் அதன் வழியாக ஆர்டரைச் சொல்வேன், தட்டு வெளியே வரும். சாப்பிட வருகிறவர்களுக்கு அவள் குரல் மட்டும்தான் பழக்கம். ஓக்லஹோமாவில் புழுதிப் புயல் அடித்த காலத்தில் கிளம்பி வந்த குடும்பம் அவளுடையது. பேசினால் தெருவுக்கே கேட்கும்.

1957இல் ஸ்டாவ்ரோஸ் அந்தக் கடையை இடித்துப் புதிதாகக் கட்டினார். பின்பக்கம் தாழ்ந்திருந்த கூரை, சாலைப் பக்கம் விமான இறக்கை மாதிரி மேலே ஏறியது. முன்சுவர் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஆரஞ்சு நிற இருக்கைகள். வரைபடம் போட்டவர் அடுப்பைக் கவுண்டருக்குப் பின்னால், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டார். காரில் பறக்கிறவனுக்கும் முட்டை பொரிவது தெரிய வேண்டுமாம்.

திறப்புக்கு முந்தின நாள் வெல்டா அந்த அடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு இனெஸ். இனிமே வெயிலைப் பாத்துக்கிட்டே சமைக்கலாம்" என்றாள் என்னிடம்.

ஸ்டாவ்ரோஸ் தொண்டையைச் செருமினார். "வெல்டா, முன்னாடி லோவல் நிப்பான். பெரிய ஹோட்டல்ல இருந்தவன். உயரத் தொப்பி போட்டா ஜம்முனு இருப்பான். நீ பின்னாடி காய் நறுக்கறதைப் பாத்துக்க."

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன?"

"மூஞ்சிக்கு ஒண்ணுமில்ல. பொம்பளை நின்னு சமைச்சா வீட்டு அடுப்படி மாதிரி ஆயிடும்."

"வீட்டு அடுப்படி நல்லாருந்தா இங்க எதுக்கு வர்றாங்க?"

அவர் வெளியே போய்விட்டார். வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். "நான் போயிட்டா இந்த அடுப்பு அவனுக்கே ஆயிடும். இருக்கேன்" என்றாள்.

லோவல் நன்றாகவே சமைத்தான். ஆனால் அத்தனை கண்கள் தன் மேல் இருப்பது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கவுண்டரில் உட்கார்ந்த பிள்ளைகள் விரலை நீட்டிச் சிரித்தால் முதுகைத் திருப்பிக்கொள்வான். ஒரு சனிக்கிழமை, மதியக் கூட்டத்தின் நடுவில், பின்னறைக்கு வந்து உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மீன் தொட்டியில போட்டுப் பாக்கற மாதிரி பாக்கறாங்க வெல்டா. இங்கதான் நிம்மதியா இருக்கு. இடம் மாத்திக்கலாமா?"

வெல்டா கையைத் துடைத்துக்கொண்டாள். "தொப்பியை நீயே வெச்சுக்க."

அவள் முன்னால் வந்து நின்றதும் ஒரு லாரி டிரைவர் சீண்டினார். "என்னம்மா, தொப்பிக்காரர் எங்க? கையைச் சுட்டுக்கிட்டாரா?"

"அவர் சௌக்கியமா இருக்காரு. உங்களுக்கு முட்டை எப்படி வேணும்? யோசிச்சுக்கிட்டே இருந்தா அது குஞ்சு பொரிச்சுடும்."

வரிசை முழுவதும் சிரித்தது. பழைய கடையில் சுவரில் மோதிக் கிடந்த குரல் இங்கே கடைசி இருக்கை வரை போனது.

வெளியே வண்டியை நிறுத்திய ஸ்டாவ்ரோஸ் அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் எதையும் மறைக்க முடியாது. வேகமாக உள்ளே வந்தார்.

"லோவல் எங்க?"

"கிழங்கு சீவறான். சந்தோஷமா இருக்கான், தொந்தரவு பண்ணாதீங்க."

"இதைப் பத்தி நாளைக்குப் பேசணும்."

"இப்பவே பேசுங்களேன். எல்லாரும் கேக்கட்டும்."

"முதலாளி, கொஞ்சம் ஒதுங்குங்க, மறைக்குது" என்றார் டிரைவர்.

ஸ்டாவ்ரோஸ் ஒதுங்கினார். மறுநாள் பேசவுமில்லை. சில வாரம் கழித்து அவளுக்கென்று சின்னதாக ஒரு தொப்பி வாங்கி வந்தார். அதை அவள் காபி இயந்திரத்துக்கு மாட்டிவிட்டாள். மேஜைகள் காலியாகக் கிடக்கும்போதே அவள் சமைப்பதைப் பார்க்கக் கவுண்டர் நிரம்ப ஆரம்பித்ததும் அவர் தொப்பிப் பேச்சையும் விட்டுவிட்டார். என்சினோவில் இரண்டாவது கடை கட்டியபோது அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று அவளைத்தான் கேட்டார்.

எழுபதுகளில் கடை கைமாறியது. புது முதலாளிகளுக்குப் பழுப்புச் செங்கலும் தொட்டிச் செடியும்தான் நாகரிகம். அடுப்பை மறுபடி சுவருக்குப் பின்னால் தள்ளப் போவதாக அவர்கள் அனுப்பிய ஓர் இளைஞன் வந்து பணிவாகச் சொன்னான்.

"தாராளமா தள்ளுங்க தம்பி. நான் அதோட பின்னாடி போகமாட்டேன்" என்று சொல்லி வெல்டா ஏப்ரனைக் கழற்றினாள். அந்த வாரமே பர்பாங்கில், அடுப்பை முன்னால் வைத்த ஒரு கடையில் வேலை கேட்டாள். கிடைத்தது. நானும் கூடவே போனேன்.

முதல் நாள் காலை, சினிமா ஸ்டுடியோ தச்சர் ஒருவர் கவுண்டரில் வந்து நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா?"

"அடுப்பு எனக்குப் பழசு. நீங்கதான் புதுசு. உக்காருங்க" என்றாள் வெல்டா.