கதவுப் பக்கம் ஒரு டிவி

அம்மா டார்லீன் ஃப்ளோரிடாவில் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நாலு வருடம் ஊர் சுற்றிவிட்டு மகள் நான் திரும்பியதும், பின்பக்கக் கண்ணாடி ஜன்னல் வராந்தாவை எனக்கு அறையாக்கினாள். டிவியும் வந்துவிட்டால் நான் மறுபடி கிளம்ப மாட்டேன் என்று நம்பினாள்.

கேபிள் இழுக்க வந்த கர்ட்டிஸுக்குச் சுவரில் மூன்று இடம் காட்டி, மூன்றையும் வேண்டாமென்றாள். கடைசியில், "தோட்டத்துக் கதவுக்குப் பக்கத்துல போடு தம்பி" என்றாள்.

"அங்க வெயில் அடிக்கும். படமே தெரியாதும்மா" என்றார் கர்ட்டிஸ்.

"படம் கெடக்கு. நான் உட்கார்ந்தா கதவு தெரியணும். பஸ்ஸுலயிருந்து நழுவப் பாத்த பிள்ளைங்க எத்தனை தெரியுமா?"

"முன்வாசலும் இருக்கும்மா" என்றேன்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அறைக்குள் இரண்டு தடவை நடந்தாள்.

"அப்ப அவளையே கேளு தம்பி."

"சுவரைத் துளைச்சா மாத்த முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க" என்று கர்ட்டிஸ் என்னைப் பார்த்தார்.

மறுபடி கிளம்பும் ஆசை எனக்குப் போகவில்லை. ஆனாலும் கட்டிலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டினேன். அங்கே சாய்ந்திருந்த என் பயணப் பையை அம்மா தூக்கிப்போய், என்னைக் கேட்காமலே பிரிக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.