ஒயரக்காவின் இரண்டு பெட்டிகள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் அவளுக்கு வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர்தான்: ஒயரக்கா. கணவர் ட்ரம்ஸ் வாசிப்பவர், தங்கை பாடகி. ஆறு பேர் கொண்ட அவர்களுடைய குழுவுக்கு ஒலி அமைப்பு இவள் பொறுப்பு. அதற்கென்று யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. முன்பொரு கச்சேரியில் தங்கையின் மைக் பாதியில் ஊமையாகிவிட, பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து போய் ஒயரை மாற்றிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் நாற்காலிக்குத் திரும்பவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது நூலகத்தின் திறப்பு விழா. மாலை நாலு மணிக்கு இவர்கள் கச்சேரி. நாற்பது பேருக்கு மேல் பார்த்திராத குழுவுக்கு முன்னால் அறுநூறு நாற்காலிகள்! ட்ரம்ஸுக்கே ஆறு மைக், மொத்தம் பன்னிரண்டு. மைக் ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ், அவளிடம் ஒன்றுதான் இருந்தது. அதில் எட்டுதான் சொருக முடியும். தங்கை வீட்டுக்காரரிடம் அதேபோல இன்னொரு எட்டு மைக் பெட்டி இருந்தது.

"ரெண்டையும் சேர்த்துட்டா பதினாறு. இதுல என்ன கஷ்டம்?" என்றாள். முந்தின நாள் முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

காலை பத்து மணிக்கு ஒத்திகை. முதல் இரண்டு நிமிடம் தேன். அப்புறம் ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு கடுகு வெடிப்பதுபோல வரிசையாக 'டிக் டிக்'.

"ஏம்மா, நான் தப்பா அடிக்கறேனா, இல்ல உன் பெட்டி தப்பா கேக்குதா?" என்று கணவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"ஒரே உறையில ரெண்டு கத்தி எப்படிக்கா இருக்கும்?" என்றார் தங்கை வீட்டுக்காரர். "ட்ரம்ஸுக்கு ரெண்டே மைக் போதும். ஒரு பெட்டியோட முடிச்சுக்குவோம்."

அவள் விடவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெட்டியையும் தனியாக ஓட்டிக் கேட்டாள். தனித்தனியே இரண்டும் சுத்தம். சேர்ந்தால்தான் சண்டை. சட்டென்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கடிகாரம்! ரெண்டுக்குள்ளயும் தனித்தனி கடிகாரம் ஓடுது. நொடிக்குப் பல்லாயிரம் தடவை சத்தத்தை அளக்கற கடிகாரம். துளி முன்ன பின்ன ஓடினாலும் சேர்ற இடத்துல கிழிஞ்சிடும். ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு கேக்கணும்."

அதற்கு இரண்டையும் இணைக்க ஒரு டிஜிட்டல் கேபிள் வேண்டும். கடைகள் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டி, பரணில் கிடந்த டிவிடி பிளேயரின், அதே வேலைக்கு உதவும் மஞ்சள் முனை ஒயரை உருவிக்கொண்டு வந்தாள். முதல் பெட்டியின் பின்னாலிருந்து இரண்டாவதன் பின்னால் சொருகினாள். இரண்டாவதை, 'வெளிக் கடிகாரத்தைப் பின்பற்று' என்று மாற்றினாள். அதன் சிவப்பு விளக்கு சிமிட்டியபடியே இருந்தது.

"அது உன் பேச்சைக் கேக்காது போலிருக்கே" என்றாள் தங்கை.

"வாயை மூடுடி, நீயும்தான் கேக்க மாட்டே." திரையை உற்றுப் பார்த்தாள். ஒரு பெட்டியின் வேகம் நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம், மற்றதன் வேகம் நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம். இரண்டையும் நாற்பத்தெட்டாயிரமாக்கினாள். விளக்கு பச்சையாகி அசையாமல் நின்றது.

கணவர் மறுபடி குச்சியை எடுத்தார். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிடம். ஒரு 'டிக்' இல்லை. ஒயரக்கா மேடையிலேயே இரண்டு குதி குதித்தாள்.

நாலு மணிக்கு அரங்கம் நிரம்பி, நடைபாதையிலும் ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது பாட்டில் கணவர் தனியாவர்த்தனம் தொடங்கியதும் ஆறு மைக்கின் ஒலியையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். பெரிய ட்ரம்மின் அடி நெஞ்சுக்குள் இடித்தது. முன்வரிசை எழுந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசைகளும் எழுந்தன. கைதட்டலில் தங்கை அடுத்த வரியைத் தொடங்க முடியாமல் சிரித்தாள்.

முடிந்ததும் நூலகர் நேராக ஒலிமேசைக்கு வந்தார். "மாசாமாசம் இங்க ஒரு கச்சேரி வைக்கலாம்னு இருக்கோம். யார் வாசிச்சாலும் சவுண்டு நீங்கதான் பார்க்கணும்."

"பார்த்துட்டா போச்சு!" என்றாள் ஒயரக்கா. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்கவில்லை.