கிழிந்த ஸ்டாரும் பத்தாம் நாள் குஞ்சுகளும்

ஓர் இடத்தில் உட்கார முடியாத ஆள் நான். கல்லூரியில் விலங்கியல் நடத்தும்போதுகூட வகுப்புக்குள் நடந்துகொண்டே இருப்பேன். இப்படிப்பட்டவனுக்குக் கடல் மீன் குஞ்சு வளர்க்கும் ஆசை வந்திருக்கவே கூடாது. அதுவும் திருச்சியில். பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால்தான் எங்களுக்குக் கடல். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் எண்ணெயும் மெழுகுவர்த்தியும் வாங்கி வருவார்கள். நான் கேன் கேனாகக் கடல் தண்ணீரோடு வந்து இறங்குவேன். தண்ணீர்தான் என்று சத்தியம் செய்தாலும் கண்டக்டர் நம்ப மாட்டார்.

ஹால் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் இருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. அவை முட்டையிட ஆரம்பித்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. முட்டைகள் ஒட்டியிருந்த மண் ஓட்டுத் துண்டை எடுத்து உள்ளறையில் இன்னொரு தொட்டியில் வைத்தேன்.

குஞ்சுகள் பொரித்ததிலிருந்து வெளிச்சத்தைத் தேடி ஓடும். இரை கண்ணில் பட்டால்தான் தின்னும், அதனால் வெளிச்சம் வேண்டும். ஆனால் அது பக்கவாட்டில் கண்ணாடி வழியாக வந்தால் அத்தனையும் அங்கே போய் முட்டிக்கொண்டே நிற்கும். தின்னாது, திரும்பாது. சட்டென்று விளக்கைப் போட்டால் அதிர்ச்சியிலேயே சில செத்துவிடும். இதெல்லாம் தெரிந்தும் நாலு முறை கொன்றேன். உயிரோடு இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் எது பிழைக்கும்?

மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் டியூஷன் எடுக்கிறவள். உள்ளறை அவளுடையது. அதை என் தொட்டி பிடித்துக்கொண்டதிலிருந்து பிள்ளைகள் ஹாலில் சோபாவுக்கும் செருப்புக்கும் நடுவே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

"இதுதாங்க கடைசி. பொழைச்சாலும் சரி, போனாலும் சரி, கிறிஸ்மஸுக்குள்ள எனக்கு ரூம் வேணும்."

ஐந்தாம் முறை, தொட்டியின் நாலு பக்கமும் கறுப்புச் சார்ட் ஒட்டினேன். ஜன்னலுக்குப் பழைய போர்வை. மேலே ஒரு சின்ன பல்பு, அதையும் துணி போட்டு மங்கலாக்கினேன். செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குள் போவேன். ஒன்பது நாள் தாண்டியது. முன்பு எதுவும் எட்டாம் நாளைப் பார்த்ததே இல்லை.

பத்தாம் நாள் துவாக்குடிப் பக்கம் தேர்வு வேலை. மாலையில் திரும்பும்போது பஸ் பால்பண்ணைச் சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டது. இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஒருவழியாகத் தெருவுக்குள் திரும்பினால் எங்கள் மாடியில் மஞ்சள் ஸ்டார் எரிகிறது. டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் காகித ஸ்டார் தொங்கும். எங்கள் ஸ்டாரின் ஒயர் உள்ளறை ஜன்னல் வழியாகத்தான் போகும், பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. அது ஞாபகம் வந்ததும் படியேறிய வேகத்தில் ஒரு செருப்பு கீழேயே தங்கிவிட்டது.

போர்வை ஒதுங்கியிருந்தது. ஈரத்தில் ஊறியிருந்த ஜன்னல் பக்கத்துச் சார்ட், ஒயர் இழுத்ததில் கழன்று தரையில் கிடந்தது. ஸ்டார் வெளிச்சம் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. அங்கே முட்டிக்கொண்டு நிற்க வேண்டிய குஞ்சுகளில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் போய்விட்டன என்றுதான் நினைத்தேன்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

கத்திக்கொண்டே ஒயரைப் பிடித்து இழுத்தேன். வெளியே ஸ்டார் ஜன்னல் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. ஹாலில் டியூஷன் பிள்ளைகளின் வாய்ப்பாடு நின்றது. கதவருகே வந்து நின்ற மனைவியிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

சார்ட்டைத் திரும்ப ஒட்டலாம் என்று குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, கீழ பாருங்க."

தொட்டியின் அடியில், ஸ்டார் வெளிச்சம் எட்டாதிருந்த மூலையில், அரிசி நீளம் வராத குட்டிகள் கூட்டமாக நின்றன. நின்றன என்றால் நிஜமாகவே நின்றன. ஒவ்வொன்றின் தலைக்குப் பின்னாலும் மெல்லிய வெள்ளைக் கோடு. குஞ்சு மீனாக மாறும் நாளில் வெளிச்சத்தைத் துரத்துவதை விட்டு அடிக்கு இறங்கிவிடும் என்று எத்தனை வருடமாக வகுப்பில் சொல்லியிருப்பேன். குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சந்தோஷம் வந்தது. அதற்கு முன்னால் அவமானம் வந்தது.

"மன்னிச்சுக்கம்மா."

"பிள்ளைங்க முன்னாடிதானே கத்துனீங்க? அங்க வந்து சொல்லுங்க."

ஹாலுக்குப் போய், வாய்ப்பாட்டு நோட்டோடு விழித்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எதிரே நின்று சொன்னேன். ஒரு பெண் சிரித்துவிட்டாள்.

கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்பு குட்டிகளை ஹாலுக்கு மாற்றினேன். உள்ளறை ஜன்னலில் இருந்த போர்வையை அவளே உருவிப் போட்டாள். புது ஸ்டார் வாங்கி வருவதாகச் சொன்னேன். இதையே ஒட்டுங்கள் என்றாள். மிச்சமிருந்த கறுப்புச் சார்ட்டை வெட்டி ஒட்டினேன். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அது அப்படியே தொங்கியது. கேக் கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கறுப்பு ஒட்டு என்ன என்று கேட்டார்கள். அவள் எதையும் விடாமல், நான் சொன்ன வார்த்தைகள் உட்பட, முழுக் கதையும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவள் சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.