இடுப்பு உயரத்தில் ஒரு வடிகால்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி வெயிலில், யாழ்ப்பாணம் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய வீட்டை அளக்கப் போயிருந்தேன். எனக்கு ஊர் கொக்குவில். கட்டடங்களை அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் இருபது வருடமாக என் தொழில்.

அது ஒரு பெரிய புகையிலை வியாபாரி கட்டிய வீடு. கடல் கடந்து மலையாளக் கரைக்குப் புகையிலை அனுப்பிச் சம்பாதித்தவராம். நடுமுற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் விறாந்தை, பர்மாத் தேக்கில் தூண்கள், யன்னல்களுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. சுண்ணாம்புச் சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. வெளியில் அனல் பறந்தாலும் உள்ளே கால் வைத்ததும் குளிரும். லண்டனிலிருந்து வந்த பேரன் அதை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். வரவேற்பறையில் மாட்ட ஒரு வரைபடமும், வருகிறவர்கள் வாசிக்க வீட்டின் வரலாறும் என்னிடம் கேட்டார். நான்கு நாள் அளந்தேன். உண்மையைச் சொன்னால், மயங்கிப்போய் அளந்தேன்.

வரைபடத்தில் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்துவிட்டு, பிரதியை விறாந்தையில் விரித்து வைத்திருந்தபோது மேசன் எட்டிப் பார்த்தார். பூச்சு வேலைக்கு வந்தவர், அறுபது வயதிருக்கும். பின்பக்க மதிலில் நான் குறித்திருந்த ஒரு துவாரத்தில் விரலை வைத்தார்.

“இதென்ன மிஸ் எழுதியிருக்கிறியள்?”

“வடிகால், அண்ணை.”

“வடிகாலை இடுப்பு உயரத்திலையோ வைப்பினம்?”

அந்த உயரத்தை அளந்ததே நான்தான். அவர் என்னை மதிலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கிணற்றடியில் தொடங்கும் கல் பீலி, தண்ணீர் ஓடும் அந்தக் குழாய், மதிலைத் துளைத்து வெளியே ஒழுங்கைச் சந்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ரை அம்மா இந்த வளவுக்குப் பின்னாலை புகையிலை கட்டினவா. எங்கடை ஆக்கள் கிணத்தைத் தொடேலாது. உள்ளுக்கை நிண்டு வாளியாலை ஊத்துவினம். நாங்கள் இதிலை நிண்டு கையேந்திக் குடிக்கோணும். சின்னனிலை நானும் குடிச்சனான்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்க முடியவில்லை. நேரே பேரனிடம் போய், படத்தைத் திருத்த வேண்டும், வரலாற்றிலும் இதை எழுத வேண்டும் என்றேன். அவருக்கு அது புதுச்செய்தி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“உந்தப் பழங்கதை எல்லாம் இப்ப என்னத்துக்குப் பிள்ளை? வாற ஆக்கள் சந்தோசமா இருந்திட்டுப் போகட்டும்.”

“நடந்ததைத்தானே எழுதோணும் எண்டு சொல்லுறன்.”

“நீங்களே வடிகால் எண்டுதானே போட்டிருக்கிறியள். கையெழுத்தும் வைச்சிருக்கிறியள்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். என் பிழை அவருக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு மேசனைக் கூப்பிட்டு, “உதை இண்டைக்கே அடைச்சுப் பூசிவிடும்” என்றார்.

மேசன் பூச்சுக் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தார். “வேறை ஆளைப் பிடிச்சு அடையுங்கோ ஐயா. என்ரை கையாலை ஏலாது” என்றார். அடுத்த வேலை எங்கே, எப்போது என்று தெரியாத மனிதர், சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திருத்திய படத்தை அன்றே வரைந்து அனுப்பினேன். பதில் வரவில்லை. விடுதி திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். மதிலில் துவாரம் இருந்த அடையாளமே இல்லை. வரவேற்பு மேசைக்கு மேலே என் பழைய படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கழற்றச் சொல்லி அங்கே நின்று சண்டை பிடித்தேன். முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார்கள். இன்றுவரை கழற்றவில்லை.

அந்தப் பேரனின் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் இருபது வருடத்தில் நான் அளந்த மற்ற வீடுகளில் எதையெல்லாம் வடிகால் என்று எழுதிக் கொடுத்தேனோ என்று யோசிக்கும்போது, அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான் திரும்புகிறது.